வெதுவெதுப்பான கடலுக்கு எதை உடுத்துவது?

“நம்ம கடல் சூடுதானே, ஒரு பனியனும் அரைக்கால் சட்டையும் போதாதா?” ஸ்கூபா முக்குளிக்கப் போக ஆசைப்படும் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சினிமாவில் பார்க்கும் கறுப்பு ரப்பர் உடை குளிர்நாட்டுக் கடலுக்கானது என்றுதான் நினைக்கத் தோன்றும். வங்கக் கடலிலோ சித்திரை, வைகாசியில் மேல்நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தொடும். மார்கழி, தையில்கூட 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இதற்கு எதற்கு உடை?

பனியன் போதாது. உடையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் முதல் முக்குளிப்போடு கடலை வெறுத்துத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் போயிருந்தால் ரசித்திருப்பார்கள். ஏன் போதாது, எது போதும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆடியில் தண்ணீர் வந்ததும் வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் பிள்ளைகள் குதித்து ஆடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கரையேறும்போது உதடு கறுத்து, விரல் நுனி சுருங்கி, பல் தந்தியடிக்கும். ஆற்றுநீர் அன்று குளிர்ந்த நீரே அல்ல. ஆனாலும் உடம்பு 37 டிகிரி. நீர் அதைவிடப் பத்து டிகிரிபோலக் குறைவு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 28 டிகிரிக் காற்றில் சட்டையில்லாமல் திண்ணையில் நாள் முழுக்க உட்காரலாம். அதே 28 டிகிரி நீரில் அசையாமல் மிதந்தால் உடம்பு இடைவிடாமல் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். வெற்றுடம்போடு அசையாமல் இருப்பவருக்குக் குளிரும் சூடும் தெரியாத நீரின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி வரை. நம் கடல் எந்த மாதத்திலும் அந்த அளவுக்கு நிலையாகச் சூடாக இருப்பதில்லை.

நீந்துபவர் கையையும் காலையும் அடித்துச் சூட்டை உண்டாக்கிக்கொள்வார். ஸ்கூபாவில் அதற்கும் வழியில்லை. மெதுவாக மூச்சு விட்டு, மிகக் குறைவாக அசைந்து, நீரோடு ஒன்றி மிதப்பதுதான் அதில் கற்றுத்தரப்படும் முதல் பாடம். நன்றாக முக்குளிப்பவர் அதிகம் அசைவதில்லை. அதனாலேயே அவருக்கு விரைவில் குளிரும். குளிர்ந்தால் நடுக்கம் வரும், நடுக்கத்தில் மூச்சு வேகமாகும், சிலிண்டரில் இருக்கும் காற்று சீக்கிரம் தீரும். ஐம்பது நிமிடம் கீழே இருக்க வேண்டியவர் முப்பத்தைந்து நிமிடத்தில் மேலே வந்துவிடுவார். காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் கால்பங்குக்கு மேல் அதோடு போயிற்று.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் ஒரு கடற்கரை உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், மனோரா எல்லாம் பாக் விரிகுடாவைப் பார்த்து நிற்கும் ஊர்கள். அந்தக் கடலின் பெரும்பகுதி பத்து மீட்டருக்குச் சற்று முன்னும் பின்னுமான ஆழம்தான். அடியில் சேறும் மணலும் கடற்புல் வெளிகளும். ஆவுளியா என்று அங்குள்ள மீனவர்கள் அழைக்கும் கடற்பசு மேயும் இடம் அது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நமக்குப் பெருமை தரும் இடம், ஆனால் பொழுதுபோக்காக முக்குளிக்க ஏற்றதல்ல. கலங்கல் அதிகம், பார்வை எட்டாது, மேயும் உயிருக்கும் நாம் தொந்தரவு.

ஆகவே டெல்டாக்காரர்கள் பெரும்பாலும் புதுச்சேரிக்கோ சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கமோ போகிறார்கள். விடுமுறையும் கையில் காசும் கூடினால் அந்தமான், இலங்கையின் திருகோணமலை. அந்தமானில் நீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி, தெளிவும் அதிகம். திருகோணமலைக் கடல் அமைதியாக இருப்பது சித்திரை தொடங்கி ஆவணி வரை. சோழமண்டலக் கரையில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர மேல்நீரைக் காற்று வெளியே தள்ள, அடியிலிருக்கும் குளிர்நீர் மேலேறி வரும். படகில் கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. பதினைந்து மீட்டர் கீழே போனதும் திடீரென ஒரு குளிர் அடுக்கு. மேல்நீரின் வெப்பத்தை மட்டும் கேட்டு உடையை முடிவு செய்தவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். எனவே முக்குளிப்பு மையத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது “தண்ணி எப்படி இருக்கு?” என்று கேட்காமல், “அடியில் எவ்வளவு டிகிரி காட்டுது?” என்று கேளுங்கள். பயிற்றுநரின் கையில் கட்டியிருக்கும் முக்குளிப்புக் கணினி ஒவ்வொரு முறையும் அதைப் பதிந்து வைக்கிறது; அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

குளிர் ஒரு காரணம்தான். இந்தக் கடலில் காலங்காலமாக முங்கியவர்கள் எதை உடுத்தினார்கள் என்று பார்த்தால் இன்னொரு காரணமும் விளங்கும்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் இடுப்புத் துணியோடு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூச்சைப் பிடித்து ஒரு நிமிடம்போல அடியில் இருந்து சிப்பியை அள்ளி மேலே வருவார்கள். அங்கே கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். மிகக் குறைந்த நேரம், உடனே மேலே வந்து வெயிலில் காய்தல் என்பதால் அவர்களுக்கு அந்தத் துணி ஈடுகொடுத்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் ராமநாதபுரம் மாவட்டப் பெண்களோ பல மணி நேரம் நீரிலேயே கிடப்பவர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை அல்லது டி-ஷர்ட். பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள், அல்லது ரப்பர் கையுறை. காலில் ரப்பர்ச் செருப்பு; அதோடு தகட்டைக் கட்டித் துடுப்பாக்கிக்கொள்பவர்களும் உண்டு. யாரும் வடிவமைத்துக் கொடுக்காத உடை அது. எந்த இடம் காயப்படுகிறதோ அந்த இடத்தை மூடு என்பதே அதன் அடிப்படை. அவர்களுக்கு முறையான கையுறையும் முழங்கை வரை மூடும் நல்ல உடையும் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் அவர்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும். பொழுதுபோக்குக்குப் போகும் நமக்குக் கிடைக்கிற உடை, பிழைப்புக்கு முங்குபவர்களுக்கு எட்டவில்லை.

ஆகவே உடை இரண்டு வேலை செய்கிறது. சூட்டைப் பிடித்து வைக்கிறது, தோலைக் காக்கிறது. வெதுவெதுப்பான கடலில் இரண்டாவது வேலை சில சமயம் முதலாவதைவிடப் பெரிதாகிவிடும்.

முதலில் சூட்டுக்கு வருவோம். வெட்சூட் என்னும் உடை 1951–52 வாக்கில் கலிபோர்னியாவில் பிறந்தது. பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காக யோசித்தபோது, உடம்பு நனையாமல் இருக்கத் தேவையில்லை, சூடு வெளியேறாமல் இருந்தால் போதும் என்று கண்டார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை நுரையாக்கினால் அதற்குள் லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழ்கள் உண்டாகும். தெர்மாக்கோல் பெட்டியில் மீன் வண்டிக்காரர் வைத்த ஐஸ் கரையாமல் இருப்பதும் இப்படிச் சிறைப்பட்ட காற்றால்தான். உடைக்கும் உடம்புக்கும் நடுவே புகும் மெல்லிய நீர்ப்படலம் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. காப்பது குமிழ்தான். அந்த நீர்ப்படலம் ஓரிடத்தில் நின்றால் போதும். ஒவ்வொரு அசைவுக்கும் பழைய நீர் வெளியே போய்ப் புது நீர் உள்ளே வந்தால், எவ்வளவு தடித்த உடையும் பயன்படாது. இதனால்தான் தடிமனைவிட அளவு முக்கியம்.

குமிழ் என்பதால் ஆழத்தில் அது சுருங்கும். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. பூம்புகாருக்கு எதிரே 1993இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன முக்குளிப்பாளர்கள் இறங்கிப் பார்த்த லாட வடிவ அமைப்பு கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்தில் உடையின் குமிழ்கள் மேற்பரப்பில் இருந்த கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ரப்பர் சுருங்காது என்பதால் உடையின் தடிமன் அவ்வளவு குறையாது. ஆனாலும் கணிசமாக மெலியும். மேலே 3 மில்லிமீட்டராக இருந்தது அங்கே 3 மில்லிமீட்டராக வேலை செய்யாது. குளிர்நீர் அடுக்கும் அதே ஆழத்தில்தான் காத்திருக்கும். அங்கே பார்வையும் பெரும்பாலும் மட்டு; ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் அலையும் கலக்கிய நீரில், எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியும் முன் கையோ முழங்காலோ அதில் உரசிவிடும். சோழமண்டலக் கரையில் உடலை முழுக்க மூடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

மிக மெல்லியது லைக்ரா உடை. நீச்சல் உடைத் துணிதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டிக்கொள்ளும். சூட்டை ஏறக்குறைய காக்கவே காக்காது. ஆனால் வெயிலையும் ஜெல்லி மீன் கொட்டுவதையும் நன்றாகத் தடுக்கும். மிதக்காது, அதனால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் கூடுதலாக வேண்டாம். அடுத்தது உள்ளே மெல்லிய பஞ்சுப் பரப்பும் வெளியே நீர் ஒட்டாத துணியும் கொண்ட உடை. லைக்ராவைவிடக் கதகதப்பு, நியோப்ரீன் ஒவ்வாதவர்களுக்கு நல்ல மாற்று. நியோப்ரீன் தயாரிப்பில் சேர்க்கும் சில ரசாயனங்களால் தோல் தடிப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதற்கடுத்தது 3 மில்லிமீட்டர் முழுநீள வெட்சூட். பின் 5 மில்லிமீட்டர். கை முழங்கை வரையும் கால் தொடை வரையும் மட்டும் மூடும் ஷார்ட்டி என்பதும் உண்டு.

என் முடிவு இது. நம் கரையில் முதன்முறை போகிறவருக்கும், ஒரு நாளில் இரண்டு முறை முக்குளிப்பவருக்கும் 3 மில்லிமீட்டர் முழுநீள உடையே சரி. அந்தமானில் வெயில் காலத்தில் ஒரே ஒரு முக்குளிப்பு, எளிதில் குளிராத உடம்பு என்றால் லைக்ரா போதும். நாளுக்கு மூன்று வீதம் தொடர்ந்து நான்கு நாள் முக்குளிப்பவருக்கு அந்தமானிலும் 3 மில்லிமீட்டர் வேண்டும். ஒல்லியான உடம்பென்றால் அதற்கு உள்ளே தலையுறை சேர்ந்த ஒரு மெல்லிய பனியனும் வேண்டும். ஒரு முக்குளிப்பில் இழந்த சூட்டை ஒரு மணி நேர ஓய்வில் உடம்பு முழுக்க மீட்டுக்கொள்வதில்லை. முதல் நாள் காலையில் வசதியாக இருந்த உடை மூன்றாம் நாள் மாலையில் குளிரும். நாள்முழுக்க மாணவர்களோடு நீரில் நிற்கும் பயிற்றுநர்கள் நம்மைவிடத் தடித்த உடை போடுவது இதனால்தான். அவர்களைப் பார்த்து நாமும் 5 மில்லிமீட்டர் வாங்க வேண்டியதில்லை.

ஷார்ட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். போடுவதற்கு எளிது, படத்தில் அழகு, மையங்களில் நிறையத் தொங்கும். ஆனால் சொறி படுவதும் பாறை கிழிப்பதும் பெரும்பாலும் முன்கையிலும் முழங்காலிலும் கணுக்காலிலும்தான். அந்த இடங்களையே திறந்து விடுகிற உடை எதற்கு? வேறு கிடைக்காமல் ஷார்ட்டிதான் தருகிறார்கள் என்றால் அதற்குள் முழுநீள லைக்ராவைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சொறி என்று நம் மீனவர்கள் சொல்வது ஜெல்லி மீனைத்தான். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சுச் செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தோலில் பட்டதும் ஒவ்வொன்றும் நுண்ணிய ஊசிபோன்ற இழையைப் பாய்ச்சும். அந்த இழை மிகக் குட்டை. நடுவே ஒரு மெல்லிய துணி இருந்தாலே பெரும்பாலும் தோலை எட்டாது. வட ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் உயிர்காக்கும் வீரர்கள் ஒரு காலத்தில் பெண்கள் இடுப்பு வரை அணியும் நைலான் காலுறையைக் காலுக்கு ஒன்றும் உடம்புக்கு ஒன்றுமாக மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். ஆளையே கொல்லக்கூடிய பெட்டி ஜெல்லி மீனை அந்தக் காலுறை தடுத்தது. இன்று அதே இடத்தில் லைக்ரா உடைகளைக் கொடுக்கிறார்கள். காக்கும் வேலைக்குத் தடிமன் தேவையில்லை, இடைவெளி இல்லாமல் மூடினால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதனால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கழுத்திலும் இடைவெளி இருக்கிறதா என்று நீரில் குதிக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏறி வரும் கயிற்றில் அறுந்த சொறி இழைகள் சுற்றிக் கிடக்கும். அந்தக் கயிற்றைத்தான் கையால் பிடித்து வருகிறோம். தப்பித் தவறிச் சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களும் வெடித்துவிடும். கடல்நீரிலேயே அலசி, இழையைக் குச்சியால் நீக்கி, மூச்சுத்திணறலோ மார்பு வலியோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடை தடுக்காதவையும் உண்டு. திருக்கையின் வால் முள் நியோப்ரீனைச் சாதாரணமாகத் துளைக்கும். கல்லைப் போலவே கிடக்கும் நச்சு மீன்களின் முதுகு முள்ளும், நீண்ட கறுப்பு முட்களோடு பாறை இடுக்கில் இருக்கும் கடல் அர்ச்சினின் முள்ளும் அப்படித்தான். இவற்றுக்கு எதிரே உதவுவது தொடாமலும் மிதிக்காமலும் இருப்பதே. ஆழமில்லாத சேற்றுக் கடலில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் அடியிலேயே தேய்த்துக்கொண்டு நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும்.

இப்போது அளவு. இதில் நேரம் செலவழித்தவர்களுக்கு மற்றதெல்லாம் எளிதாகிவிடும். வெட்சூட் உலர்ந்த நிலையில் சற்று இறுக்கமாகவே தெரிய வேண்டும். நீரில் நனைந்ததும் கொஞ்சம் இளகும். இடுப்புக்குப் பின்னே முதுகின் பள்ளத்தில், அக்குளில், கவட்டையில் துணி மடிந்து தொங்கினால் அங்கேதான் நீர் புகுந்து வெளியேறும். கையை இருபக்கமும் விரித்து முன்னால் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். குந்தி உட்காருங்கள். கழுத்தைத் திருப்புங்கள். ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சு முழுதாக விரிய வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒரு விரலை நுழைக்க முடிய வேண்டும். கழுத்து மிகவும் இறுகினால் அங்குள்ள ரத்தக் குழாய் அழுந்தித் தலைசுற்றும். கடலில் அது பயமாக மாறும், பயம் வேக மூச்சாகும். முதல் முக்குளிப்பில் “மூச்சு முட்டுது” என்று பதறி மேலே வருகிறவர்களில் பலருக்கு உண்மையான குற்றவாளி சிலிண்டர் அல்ல, ஒரு அளவு சின்னதாகக் கொடுக்கப்பட்ட உடைதான். கூச்சப்படாமல் வேறு அளவு கேளுங்கள். வெளிநாட்டு உடல்வாகுக்கு வெட்டிய உடைகளில் நம்மவர்களுக்குக் கையும் காலும் நீண்டு, வயிறு மட்டும் இறுகும். காலில் துணி சேர்ந்து மடிந்தால் மடித்து விடலாம். வயிற்றில் இறுகினால் அடுத்த அளவுக்குப் போய்விட வேண்டும்.

உடையை எப்படிப் போடுவது என்பதும் ஒரு கலை. காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பையை உருவிவிடலாம். நகத்தால் இழுக்காதீர்கள், நியோப்ரீன் பிறை வடிவில் கிழியும். விரல் வயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். உள்ளே பருத்திப் பனியனோ ஜீன்ஸோ வேண்டாம். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும், அக்குளிலும் தொடையிலும் உரசிப் புண்ணாக்கும். உடலோடு ஒட்டும் பாலியெஸ்டர் லெகிங்ஸும் டி-ஷர்ட்டும் நல்லது.

பெண்களுக்குச் சில விஷயங்கள் தனியே சொல்ல வேண்டும், மையங்களில் இவற்றைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். இறுக்கமான உடையில் படகில் நிற்கத் தயக்கமாக இருந்தால் மேலே ஒரு தளர்வான சட்டையைப் போட்டுக்கொண்டு, இறங்கும் நேரத்தில் கழற்றிவிடலாம். துப்பட்டாவும் தளர்வான சுடிதாரும் நீருக்குள் கூடாது. வால்விலும் குழாயிலும் சிக்கும். மூக்குத்தி மாஸ்க்கின் மூக்குப் பகுதியில் அழுந்தும்; காது அடைப்பை நீக்க மூக்கைப் பிடித்து ஊதும்போது வலிக்கும், சிலிக்கானையும் கீறும். முடிந்தால் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் நெஞ்சுப் பக்கமாக ஊசி குத்தி வைத்துக்கொள்ளலாம். கழுத்துப் பட்டைக்கு அடியில் கிடந்தால் அழுந்தும். மெட்டி பூட்ஸுக்குள் விரலை அறுக்கும், நீர் பட்டுச் சுருங்கிய விரலிலிருந்து நழுவியும் போகும். நீண்ட கூந்தலை ஒற்றைச் சடையாகப் பின்னி உடைக்குள் விட்டுவிடுங்கள். தலையில் அன்று எண்ணெய் வேண்டாம். நெற்றியில் வழிந்தால் மாஸ்க் ஒட்டாது.

காலுக்கு அடித்தோல் தடித்த நியோப்ரீன் பூட்ஸும் பின்பக்கம் திறந்த ஃபின்னும் நம் கடலுக்கு ஏற்றவை. மதிய வெயிலில் படகின் தளம் சுடும், துறைமுகப் படியில் சிப்பி ஓடு கிழிக்கும். கைக்கு வேறு கணக்கு. முதல்முறை போகிறவர்கள் கையுறை வேண்டுமென்று கேட்பார்கள். பாறையும் பவளமும் உள்ள இடங்களில் பல நாடுகளின் கடற்பூங்காக்கள் கையுறையைத் தடை செய்திருக்கின்றன. கையில் உறை இருந்தால் மனம் எதையும் பிடிக்கத் துணியும், வெறுங்கை தயங்கும். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்குத் தரும் அதே அளவு காப்பு. ஒரு கை அழுத்தத்தில் உடையும் கிளை பல ஆண்டு வளர்ச்சி. ஆகவே பவளத்தில் கையுறை வேண்டாம். கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டிய நீரோட்டமுள்ள இடத்திலும், துருவும் சிப்பியும் மண்டிய மூழ்கிய கப்பலிலும் மெல்லிய கையுறை நியாயம்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. முழுநீள உடை போட்டவர் முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் சன்ஸ்கிரீன் பூசினால் போதும். பவளத்துக்குத் தீங்கு செய்வதாகக் கருதப்படும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனைப் பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் தடைசெய்தன. நம் ஊரில் அப்படித் தடையில்லை, ஆனாலும் உடம்பெல்லாம் பூசுவதைவிடத் துணியால் மூடுவது கடலுக்கும் நல்லது.

இதே உடை படகில் நமக்கு எதிராகவும் திரும்பும். மே மாத வெயிலில் கரையிலேயே கறுப்பு வெட்சூட்டை முழுக்க ஜிப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் படகில் உட்கார்ந்தவர், நீரில் இறங்கும் முன்பே வியர்த்து வறண்டிருப்பார். மயக்கமும் வாந்தியும் வருவது இதனால்தான். கடல் அலை மட்டும் காரணமல்ல. உடலில் நீர் வற்றியிருப்பது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே ஏறும்போது குமிழாவதால் வரும் நைட்ரஜன் குமிழ் நோய்க்கும் இடம் கொடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொண்டு, இறங்கும் இடம் வந்ததும் மேல்பாதியை ஏற்றுங்கள். தாமதமானால் ஒரு வாளி கடல்நீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ளுங்கள். தண்ணீரும் மோரும் காலையிலிருந்தே குடித்து வாருங்கள்.

ஏறி வரும்போது குளிர்வது அதைவிட முக்கியமான விஷயம். அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புச் சோதனைப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆழத்தில் கதகதப்பாக இருந்துவிட்டு ஏறும் கட்டத்தில் குளிர்ந்தவர்களுக்கு நைட்ரஜன் குமிழ் நோய் அதிகம் வந்தது. காரணம் புரியக்கூடியதே: குளிர்ந்த உடம்பில் தோலுக்கும் கைகாலுக்கும் ரத்தம் குறைவாகப் போகும், அங்கே கரைந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகும். அவர்களின் சோதனை நம் சுற்றுலா முக்குளிப்பைவிட மிகக் கடினமானது. என்றாலும் கடைசிப் பத்து நிமிடம் நடுங்கிக்கொண்டே இருப்பது வெறும் அசௌகரியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுக்கம் தொடங்கினால் துணைவருக்குச் சைகை காட்டி, முறைப்படி மெதுவாக மேலே வந்துவிடுங்கள்.

உடை மாறினால் இடுப்பு ஈயமும் மாறும். லைக்ராவிலிருந்து 3 மில்லிமீட்டர் முழு உடைக்குப் போகிறவருக்கு இரண்டு, மூன்று கிலோ கூடுதலாகத் தேவைப்படலாம். புது உடையில் குமிழ் வலுவாக இருப்பதால் இன்னும் கொஞ்சம். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் மேலும் கீழும் போகாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. முதல் முக்குளிப்பில் இதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். சான்றிதழ் பெற்றவர் புது உடையோடு போகும்போது தானே பார்த்தாக வேண்டும்.

ஓரிரு முறை போகிறவர் உடை வாங்க வேண்டாம். மையத்தில் தருவதே போதும், கட்டணத்தில் அது பெரும்பாலும் அடங்கும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது போவேன் என்பவர் முதலில் நல்ல மாஸ்க்கும், தன் அளவுக்கு ஒரு முழுநீள லைக்ராவும் வாங்கிக்கொள்ளட்டும். வாடகை வெட்சூட்டுக்கு உள்ளே அதைப் போட்டால் பலர் போட்ட உடை நேரடியாகத் தோலில் படாது, போடவும் கழற்றவும் வழுக்கும், கொஞ்சம் கதகதப்பும் சேரும். வெட்சூட்டே வாங்குவதானால் தட்டையாகத் தைத்த சாதாரணத் தையல் நம் கடலுக்குப் போதும். பசையிட்டு மூடிய விலையுயர்ந்த தையல் குளிர்நாட்டுக்கானது. இணையத்தில் அளவுப் பட்டியலை மட்டும் நம்பி வாங்காமல், சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு மையத்தில் போட்டுப் பார்த்து அளவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உள்ளும் புறமும் அலசுங்கள். வாஷிங் மெஷினும் சூடான நீரும் சலவைப் பொடியும் கூடாது. மொட்டைமாடி வெயிலில் கொடியில் போட்டால் ஒரே கோடையில் ரப்பர் வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமான தாழ்வாரத்தில், முதலில் உட்புறத்தை வெளியே திருப்பி உலர்த்துங்கள். கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டால் தோள்பட்டையில் மடிப்பு விழுந்து அங்கே குமிழ் நசுங்கும். அகலமான தோள் கொண்ட கொக்கி வேண்டும், இல்லையென்றால் தட்டையாகப் பரப்பி வையுங்கள். ஜிப்பின் பல்லில் உப்பு கட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து மெழுகு தடவிவிடுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே உலர்த்த நேர்ந்தால் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடித்து, அடுத்த முறை எடுக்கும்போது வாடை போகவே போகாது.